தம்பி கிடக்கும் இடம்

நம் வயதில் இருப்பவர்களுக்குத் தெரியும், முழங்கால் வலியோடு படி ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரும்பாடு. போன வருடம் ஒக்டோபரில், ஸ்பெயின் நாட்டில் கிரனாடா என்ற பழைய நகரத்தின் நடுவில், ஒரு தேவாலயத்துக்குள் ஒடுக்கமான கற்படிகளில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கினேன். அடியில் ஐந்து ஈயப் பெட்டிகள் இருந்தன. அவற்றில் ஒன்றைப் பார்த்த பிறகு திரும்பி ஏற எனக்குக் கால் வரவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால், எங்கள் ஊர் கல்முனையில் என் எட்டாவது வயதில் வந்த ஒரு மாரிகாலத்தைச் சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவளுக்குக்கூட அறுபத்து நான்கு வயதுவரை நான் சொல்லாமல் வைத்திருந்த கதை. உங்களில் பலரிடமும் இப்படி ஒன்று இருக்கும் என்ற எண்ணத்தில்தான் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கச்சிதான் என்னை அந்த ஊருக்குக் கூட்டிப் போனாள். நான் ஊரில் பெண்கள் பாடசாலையில் முப்பது வருடம் வரலாறு படிப்பித்தவள். கிரனாடா கடைசி முஸ்லிம் சுல்தானின் கையை விட்டுப் போன பாடத்தை எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேனோ தெரியாது. சுல்தான் ஊரை ஒப்படைத்துவிட்டுப் போகும்போது தன் முன்னோரின் எலும்புகளையும் தோண்டி எடுத்துக்கொண்டு போய் மலைப்பக்கம் எங்கோ அடக்கினாராம், இன்றைக்கு அந்த இடம் இன்னதென்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாதாம் என்று முடிக்கும்போது, கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைகளும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த ஊரைப் பிடித்த அரசியும் அரசனும் மட்டும் நகரத்தின் நடுவில் தங்களுக்கென்று கட்டிய தேவாலயத்தில் பத்திரமாக இருக்கிறார்கள். அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம். மரியாதை செலுத்தும் எண்ணம் எனக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சிக்கு அவ்வளவு விருப்பமில்லை. "நமக்கு அதுக்குள்ள என்ன வேல ராத்தா? அல்ஹம்றா மாளிகையப் பாத்தாச்சி. கால் வலியோட ஏன் அலையிற?" என்றாள்.

"வா, பாத்திட்டு வருவம்" என்றேன்.

கதீட்ரல் என்ற பெரிய கோவிலின் பக்கவாட்டில் ஒரு சந்து. வாசலில் பெண்கள் வாசனைத் தழைக் கொத்துகளை வருகிறவர்களின் கையில் திணித்துக்கொண்டிருந்தார்கள். தேவாலயத்துக்கு நேர் எதிரே ஒரு காலத்து மத்ரஸா, வெறும் பத்துப் பதினைந்து கவடு தூரம். காலையில் பெய்த மழையில் கல் பாவிய நிலம் இன்னும் காயவில்லை. உள்ளே போனதும் தென்னை உயரத்துக்கு ஓர் இரும்புக் கிராதி, பொன் பூசியது. அதற்கு அப்பால் வெள்ளைப் பளிங்கில் அரசியும் அரசனும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தார்கள். அரசியின் தலை அரசனுடையதைவிடக் கொஞ்சம் ஆழமாகத் தலையணையில் புதைந்திருந்தது. அயர்ந்து தூங்குகிற பெண்ணைப் போலத்தான் இருந்தார். படிப்பிக்கும்போது நான் சொன்ன அரசிக்கு இப்படி ஒரு முகம் இருந்ததில்லை.

அந்தப் பளிங்குக்குக் கீழேதான் படிகள். உண்மையான உடல்கள் கீழேதான் இருக்கின்றன. இறங்கிப் பார்த்தால் மேலே இருந்த அலங்காரம் ஒன்றும் அங்கே இல்லை. தாழ்ந்த கூரை, சுண்ணாம்புச் சுவர், கம்பிக்கு அப்பால் கறுத்த ஈயப் பெட்டிகள். நடுவில் அரசியும் அரசனும், இரண்டு பக்கமும் மகளும் மருமகனும். வலப்பக்க ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி.

தங்கச்சி கையில் இருந்த விளக்கத் தாளை வாசித்தாள். "இது அந்த ராணிட பேரன், ராத்தா. ரெண்டு வயசு நிறையல்லயாம்."

எங்களுக்குப் பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஆண், பெண், தோளில் பிள்ளையோடு ஒரு தாய். ஒருவரையும் ஒருவரும் தடுக்கவில்லை. ஐந்நூறு வருடமாக அந்தப் பிள்ளை இன்ன இடத்தில் கிடக்கிறது என்று உலகத்துக்கே தெரிகிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தங்கச்சி என் கையை எடுத்துத் தன் தோளில் போட்டு மேலே கூட்டி வந்தாள்.

வெளியே மத்ரஸா வாசல் படியில் இருந்தோம். "என்ன ராத்தா, சீனி குறைஞ்சிட்டா?" என்று கேட்டு ஒரு இனிப்பைக் கையில் தந்தாள்.

"நமக்கொரு தம்பி இரிந்தான், தெரியுமா?" என்றேன்.

"ஓம். எனக்கு முன்ன ஒரு ஆண்புள்ள மௌத்தானதெண்டு உம்மா சொல்லிரிக்கா. அதுக்கு ஏன் இப்ப அழுற?"

அப்போதுதான் முதல் தடவையாக அதை ஒருவரிடம் சொன்னேன்.

எங்கள் வீடு கடற்கரையிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில். கிடுகு வேலி, மணல் வளவு, வேலிக்கு அப்பால் ஒரு கைத்தறி. நெசவு நடக்கும்போது அந்தச் சத்தத்துக்குத் தம்பி தலையை ஆட்டுவான். இரண்டு வயதுக்கு மூன்று மாதம் இருந்தது. 'ராத்தா' வராது, 'ஆத்தா' என்பான். இடுப்பில் வெள்ளி அரைஞாண், அதில் ஒரு சின்ன மணி. அவன் வீட்டில் எந்த மூலையில் நிற்கிறான் என்று உம்மா அடுப்படியில் இருந்தபடி அந்த மணியை வைத்தே சொல்லிவிடுவார். அந்த அரைஞாணைப் பிறகு நான் எங்கேயும் காணவில்லை.

வாப்பாவின் வயல் நற்பிட்டிமுனைக்கு அப்பால், வட்டை வெளியில். அந்த மாரியில் வரம்பு உடைந்து உடைந்து போனதால் அவர் அங்கேயே வாடிக் குடிசையில் தங்கியிருந்தார். தம்பிக்குக் காய்ச்சல் தொடங்கியபோது அவர் வீட்டில் இல்லை. அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் பல் முளைக்கிற காய்ச்சல் என்றார்கள். மூன்றாம் நாள் விடிய, பக்கத்துத் தெருவில் இருந்த மிஸ்ஸியை உம்மா கூப்பிட்டு அனுப்பினார். மிஸ்ஸி என்றால் ஆஸ்பத்திரித் தாதி, மெதடிஸ்த சபைக்காரர், எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவர். அவர் தம்பியின் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, "இப்பவே கொண்டு போகோணும், கார் ஒண்டு பிடியுங்க" என்றார். கார் தேடி ஆள் ஓடியது. வாப்பாவுக்குச் சொல்ல இன்னொரு ஆள் சைக்கிளில் போனது. வாப்பா வந்தார். கார் வருவதற்குள் முடிந்துவிட்டது.

உம்மாதான் குளிப்பாட்டினார். சட்டியில் இருந்த தண்ணீரில் வழக்கம் போல முழங்கையை வைத்துப் பார்த்து, "சூடு கூடவாக்கும், கொஞ்சம் பச்சத்தண்ணி ஊத்துங்க" என்றார். சுற்றி நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி பச்சைத்தண்ணீர் ஊற்றினாள்.

சின்னப் பிள்ளைக்குச் சந்தூக்குப் பெட்டி எடுக்கவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றியிருந்த தம்பியை வாப்பா இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மழைக்குள் இறங்கினார். ஒருவர் குடை பிடித்தார். எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஆண்களுக்குப் பின்னால் ஓடினேன். பாதி வழியில் ஒருவர் கண்டுவிட்டு, "புள்ளய வீட்ட அனுப்புங்க" என்றார். "இந்த மழைக்குள்ள தனிய எங்க அனுப்புற? வரட்டும்" என்றார் பாங்கு சொல்லி மையவாடியையும் பார்த்துக்கொள்ளும் பள்ளி மோதினார்.

எங்கள் மையவாடி கடலோரம், முழுக்கக் கடல்மணல். மழையில் மணல் சரிந்து சரிந்து விழுந்தது. பலகை வைத்துத் தடுத்துக்கொண்டு வெட்டினார்கள். வாப்பா குழிக்குள் இறங்கித் தம்பியை வைத்தார். மேலே ஏறியபோது அவரது சாரம் நெஞ்சுவரை நனைந்திருந்தது. தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக இரண்டு பூவரசங்கட்டை நட்டார்கள். அன்று காலை வெட்டிய பச்சைக் கட்டை, தோலில் ஈரம் இருந்தது. கிழக்கு மூலை, தாழம்பத்தைக்கு இந்தப் பக்கம், மூன்று சின்னக் கபுறுகளைத் தாண்டி நான்காவது. நான் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

வீட்டில் பெண்கள் உம்மாவைச் சுற்றி இருந்து ஆறுதல் சொன்னார்கள். "மறுமையில உங்கட கையப் புடிச்சி சொர்க்கத்துக்குக் கூட்டிட்டுப் போற புள்ள, அழாதீங்க" என்றார் ஒரு மாமி.

"அது மறுமையில. இப்ப எவடத்த கிடக்கான்?" என்று கேட்டார் உம்மா.

ஒருவருக்கும் தெரியாது. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். "நான் கண்டன் உம்மா" என்றேன். உம்மா என்னை இழுத்து மடியில் வைத்தார். வளவு மணலில் கோடு கீறிக் காட்டச் சொன்னார். மதில், வாசல், தாழம்பத்தை, மூன்று சின்னக் கபுறு, தம்பி. கீறி முடிவதற்குள் மழைத்துளி விழுந்து அழிந்தது. இன்னொரு தடவை விறாந்தைச் சீமெந்தில் கரித்துண்டால் கீறினேன். அடுத்த நாள் வாப்பா அதைக் கண்டு தண்ணீர் ஊற்றித் துடைத்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்கு அதுதான் வேலை. அன்றைக்குக் குர்ஆன் பள்ளியில் ஓதல் இல்லை. அஸர் தொழுகை முடிந்து ஆண்கள் வீட்டுக்குத் திரும்பியபின், உம்மா ஒரு போத்தலில் தண்ணீர் தருவார். நான் மையவாடி மதிலின் உடைந்த பக்கத்தால் நுழைந்து, தண்ணீரைத் தலைமாட்டில் ஊற்றிவிட்டு, தெரிந்த ஸூராவை ஓதிவிட்டு வருவேன். உம்மா வாசலிலேயே நிற்பார். "கட்டை நேரா நிக்குதா?" "ஓம்." "தண்ணி தேங்கி நிக்கல்லயே?" "இல்ல உம்மா." "நண்டு கிண்டு தோண்டி வெச்சிரிக்கா?" "இல்ல." எல்லாம் கேட்டு முடிந்த பிறகுதான் வீட்டுக்குள் வருவார். ஆனால் மற்ற நாட்களில் அவர் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்து எனக்கு ஊட்டிவிட்டுக் கையைக் கழுவிவிடுவார். கழுத்தெலும்பு வெளியே தெரிந்தது.

ஒரு நாள் மிஸ்ஸி வந்து பக்கத்தில் இருந்தார். "எங்கட ஆக்கள்ள பொம்புளையளும் சேமக்காலைக்குப் போவம், பூ வைப்பம். அழுது போட்டு வந்தா மனம் கொஞ்சம் லேசாகும்" என்றார். உம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க குடுத்து வெச்ச ஆக்கள்" என்று மட்டும் சொன்னார். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த வாப்பாவின் முகம் கறுத்தது எனக்குத் தெரிந்தது.

வாப்பா கெட்ட மனிதர் அல்ல. இதை நான் சொல்ல வேண்டும். அவர் பயந்துபோயிருந்தார். பள்ளியில் பெரியவர்களிடம் கேட்டிருக்கிறார். அவர்கள் என்ன சொன்னார்களோ, அவராக என்ன விளங்கிக்கொண்டாரோ தெரியாது. ஐந்தாவதோ ஆறாவதோ வெள்ளிக்கிழமை நான் போத்தலோடு போனபோது வாப்பா அங்கே குந்தியிருந்தார். மேடாக இருந்த மணலைக் கையால் பரப்பித் தட்டையாக்கிவிட்டிருந்தார். இரண்டு பூவரசங்கட்டையும் அவரது சால்வையில் சுற்றியிருந்தன.

அவர் என்னைக் கிட்டே கூப்பிட்டு, மணல் ஒட்டிய கையால் என் முகத்தைப் பிடித்தார்.

"இஞ்ச பாரு புள்ள. உம்மா திங்கிறல்ல, குடிக்கிறல்ல. இவடம்தான் இவடம்தானெண்டு நெனச்சிட்டே இரிந்தா அவவும் போய்ச் சேந்திருவா. அடையாளம் இல்லாட்டி மறந்திருவா. விளங்குதா?"

"கேட்டா என்ன சொல்ற?"

சால்வை மூட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "மழை கொண்டு போயிட்டெண்டு சொல்லு. வாப்பா எடுத்ததெண்டு மட்டும் சொல்லிப்போடாத."

அந்தக் கட்டைகளை அவர் என்ன செய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் வேறு வழியாக வீட்டுக்கு வந்தேன். போத்தல் தண்ணீரை வழியிலே ஊற்றிவிட்டேன். உம்மா வாசலில் நின்றார். மழை கொண்டு போய்விட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தக் கழுத்தெலும்பைப் பார்த்ததும் அது வரவில்லை.

"கட்டை நேரா நிக்குதா?" என்று கேட்டார்.

"ஓம் உம்மா" என்றேன். அதோடு நிற்கவில்லை. ஏன் சொன்னேன் என்று தெரியாது, "தளிர்த்திரிக்கி" என்றேன்.

உம்மா என்னைப் பார்த்தார். "என்ன தளிர்த்திரிக்கி?"

"தலமாட்டுக் கட்டை. ரெண்டு இலை வந்திரிக்கி."

பூவரசு வேலிக்கட்டை மாரியில் தளிர்ப்பதை எங்கள் வளவிலேயே காணலாம், நம்ப முடியாத விஷயம் அல்ல. ஆனால் உம்மா அந்த இடத்திலேயே மணலில் இருந்துவிட்டார். எவ்வளவு பெரிய இலை, என்ன நிறம் என்று கேட்டார். விரல்நுனியைக் காட்டினேன். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் உம்மா ஒரு முழுக் கோப்பைச் சோறு சாப்பிட்டார், மீன்துண்டும் எடுத்தார். எதிரே இருந்த வாப்பா என்னைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார். நான் சொன்னபடி சொல்லிவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் மையவாடிக்கு உள்ளே போகவே இல்லை. மதிலடியில் கொஞ்ச நேரம் குந்தியிருந்து கரைவலைக்காரர்களைப் பார்த்துவிட்டு வந்து, கபுறைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு இலை. பிறகு ஒரு கிளை. ஒரு ஆடு வந்து கடித்ததும் நான் கல்லெறிந்து கலைத்ததும். மஞ்சள் பூ ஒன்று பூத்ததும், அடுத்த வெள்ளிக்குள் அது சிவந்து விழுந்ததும். உம்மா தேறி வந்தார். தலை வாரினார், நெல் அவித்தார். ஒரு நாள் தறிச் சத்தத்துக்கு அவரே தலையை ஆட்டியதைக் கண்டேன். உம்மா அவர் முன்னால் தம்பியின் பேச்சை எடுப்பதில்லை, அதனால் வாப்பா தன் வைத்தியம் பலித்ததாகவே கடைசிவரை நம்பினார். பிள்ளையைப் பறிகொடுத்து நின்ற வேறு ஆண்களிடமும், "அடையாளம் வைக்காதீங்க, எங்கட வீட்டுல நான் கண்ட அனுபவம்" என்று சொன்னதை நானே என் காதால் கேட்டிருக்கிறேன். அவர் சொல்லைக் கேட்டு எத்தனை பேர் கட்டையைப் பிடுங்கினார்களோ.

அறுவடை முடிந்து வெயில் தொடங்கிய நாட்களில், உறவுக்கார வீடொன்றில் கலியாணம். திரும்பி வரும்போது உம்மா கடற்கரை வீதியால் போவோம் என்றார். வாப்பா முன்னால் போய்விட்டார். மையவாடி மதில் வந்ததும் உம்மா நின்றார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, உடைந்த இடத்தால் எட்டிப் பார்த்தார்.

"காட்டு புள்ள. எது?"

தாழம்பத்தைப் பக்கம் வெறும் மணல். என் கண் ஓடி ஓடித் தேடியது. நடுவில் ஒரு சின்னக் கபுறு இருந்தது, அதன் தலைமாட்டில் இடுப்பளவில் ஏதோ ஒரு செடி பச்சையாக நின்றது.

"அதுதான் உம்மா. அந்தப் பச்ச."

"தாழம்பத்தடியெண்டு சொன்னாய்?"

"இல்ல, இதுதான்."

உம்மா நம்பினார். எட்டு வயதுப் பிள்ளைக்கு இடம் மாறியிருக்கும் என்று நினைத்திருப்பார். மதிலில் நெற்றியை வைத்து வெகுநேரம் அழுதார். யாரோ பெற்ற பிள்ளைக்காக. அதற்குப் பிறகு என்னை வெள்ளிக்கிழமைகளில் அனுப்பவில்லை. அடுத்த வருடம் தங்கச்சி பிறந்தாள். கடற்கரை வீதியால் எப்போது போனாலும் உம்மா அந்த இடத்தில் நடையைக் குறைத்து, செடி இருந்த பக்கம் பார்த்து உதட்டுக்குள் ஸலாம் சொல்வார். பக்கத்தில் நடந்த நான் ஒவ்வொரு தடவையும் நிலத்தைப் பார்ப்பேன். நான் படித்து, கலியாணம் முடித்து, பிள்ளைகள் பெற்ற பிறகும் அப்படித்தான்.

பிறகு சுனாமி வந்தது. எங்கள் ஒழுங்கையில் என்ன மிஞ்சியது என்று உங்களுக்குத் தெரியும். மதிலும் போனது, கட்டைகளும் போயின, செடியும் போனது. புதிய ஜனாஸாக்கள் எத்தனையோ அதே மணலில் ஒன்றாக அடக்கப்பட்டன. அந்த நாட்களில் ஒரு பழைய கபுறைப் பற்றிக் கதைக்க யாருக்கு வாய் வரும்? சில வருடம் கழித்து வாப்பாவும் அங்கேதான் போனார். அவர் போனதும், இனிச் சொல்லத் தேவையில்லை என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன்.

இவ்வளவையும் நான் சொல்லி முடித்தபோது மத்ரஸா வாசலில் வெயில் வந்திருந்தது. தங்கச்சி கையில் இருந்த தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிவிட்டாள்.

"உம்மாக்கு எம்பத்து நாலு வயசு" என்றாள். "நீ சொல்லாம அவ மௌத்தானா, மறுகா நீ ஆருக்குச் சொல்லுவாய்?"

"இனிச் சொல்லி என்ன? அவ நிம்மதியா இரிக்கா."

"அது ஆருட நிம்மதி ராத்தா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து, தழைக் கொத்தை நீட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்கு வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு, என்னைத் தூக்கி விட்டாள்.

ஊருக்கு வந்து எட்டு நாள் கடத்தினேன். உம்மா என்னோடுதான் இருக்கிறார். கண் மங்கல், ஆனால் காதும் நினைவும் தெளிவு. ஒன்பதாம் நாள், அஸர் தொழுதுவிட்டுத் தஸ்பீஹ் மணியோடு கட்டிலில் இருந்தவரின் காலடியில் போய் இருந்து சொன்னேன். வாப்பா பிடுங்கியதையும் சொன்னேன், நான் கட்டிய கதைகளையும் சொன்னேன். மணி உருட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"அப்ப அந்தப் பச்ச?"

"அது வேற ஆருடயோ புள்ள, உம்மா."

"பூத்ததெண்டு சொன்னாயே. ஆடு கடிச்சதெண்டு."

"அதெல்லாம் நான் சும்மா சொன்ன."

தஸ்பீஹைத் தலையணையில் வைத்தார். பிறகு, "வாப்பாக்குத் தெரியுமா, நீ இப்பிடிச் சொன்னது?" என்று கேட்டார்.

"தெரியா. மழை கொண்டு போயிட்டெண்டு சொன்னதாத்தான் அவரு நெனச்சிரிந்தாரு."

"பாவம் மனிசன்" என்றார். அதற்குப் பிறகுதான் குரல் மாறியது. "எட்டு வயசில சொல்லல்ல, சரி. பதினெட்டு வயசில ஏன் சொல்லல்ல? நீயும் புள்ள பெத்தாயே, அப்ப ஏன் சொல்லல்ல? தாழம்பத்த நிக்கிற நேரம் சொல்லிரிந்தா நான் அந்தப் பக்கமெண்டாலும் பாத்திரிப்பன்."

ஏன் என்று தெரிந்திருந்தால் உங்களுக்காவது எழுதியிருப்பேன்.

மூன்று நாள் உம்மா என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சாப்பாட்டை வேலைக்கு வருகிற பிள்ளையிடம் கேட்டு வாங்கினார். நான்காம் நாள் காலை, வெள்ளைச் சேலை உடுத்து முக்காடு போட்டு வாசல் கதிரையில் இருந்தார். "ஓட்டோ ஒண்டு கூப்பிடு" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

மையவாடிக்கு இப்போது உயர்ந்த மதிலும் இரும்பு வாசலும் இருக்கின்றன. வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. இப்போதைய மோதினார் இளம் ஆள், என்னிடம் படித்த ஒருத்தியின் மகன். உள்ளே புல் செருக்கிக்கொண்டிருந்தவர் எங்களைக் கண்டு வாசலுக்கு வந்தார்.

"வாப்பா," என்று சொந்தப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல உம்மா கம்பி வழியே அவரைக் கூப்பிட்டார், "என்ட புள்ள ஒண்டு உள்ளுக்கு இரிக்கான். ஒரு தரம் வந்து பாத்திட்டுப் போகவா?"

அவர் என்னைப் பார்த்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "எப்ப அடக்கின உம்மா?"

"நீங்க பொறக்கிறதுக்கு முன்ன. உங்கட வாப்பாவும் பொறந்திரிக்க மாட்டாரு."

அவர் தாழ்ப்பாளைத் தூக்கினார். "மெல்ல வாங்க. மணல் இறங்கும்" என்றார்.

உம்மா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு என் தோளைப் பிடித்து உள்ளே வந்தார். எண்பத்து நான்கு வயதில் முதல் தடவை. தாழம்பத்தை நின்ற இடம் எது என்று நான் பார்த்தேன். கடல் எவ்வளவோ உள்ளே வந்துவிட்டது. பழைய மதில் ஓடிய கோடுகூடத் தெரியவில்லை. உம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது ஒரு பக்கத்தைக் கைகாட்டினால் நம்பியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

"எனக்குத் தெரியல்ல உம்மா" என்றேன். "கிழக்குப் பக்கம். அதுக்கு மேல தெரியல்ல."

"சரி" என்றார்.

என் தோளிலிருந்து கையை எடுத்தார். தனியாக நாலு எட்டு வைத்துப் போய் நின்று, கடலில் இருந்து தெருவரை மெல்லத் தலையைத் திருப்பி, அங்கே கிடந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸலாம் சொன்னார். வாப்பாவும் அதற்குள் இருந்தார், அந்தச் செடிக்குக் கீழே கிடந்த பிள்ளையும் இருந்தது, சுனாமியில் போன எங்கள் ஒழுங்கைக்காரர்களும் இருந்தார்கள். பிறகு மணலில் இருந்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்து நிலத்தில் வைத்தார். தலை குனிந்திருந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்கக் கிட்டே போகவும் இல்லை. மோதினார் முதுகைக் காட்டி நின்று புல் செருக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கதிரையில் இருத்தி, வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து, மணல் அப்பியிருந்த காலைக் கழுவக் குனிந்தேன். உம்மா காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"வேணா புள்ள. லுஹர் தொழ வுளு எடுக்கிற நேரம் கழுவத்தானே போறன்" என்றார். "அதுவரைக்கும் இரிக்கட்டும்."